கேமராவுக்கு நான்கு கேள்விகள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சென்னைக்குத் தெருமுனைக் கேமரா புதிதல்ல. 2017 முதல் மாநகரக் காவல்துறை நடத்திய ‘மூன்றாவது கண்’ திட்டத்தில் வணிகர் சங்கங்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் தங்கள் காசில் கேமரா வாங்கி மாட்டின. அந்தக் கேமராக்கள் நடந்ததைப் பதிவு செய்து வைத்தன. சங்கிலிப் பறிப்போ விபத்தோ நடந்தால் மட்டும் யாராவது உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பார்கள். இப்போது கேமராவுக்குப் பின்னால் ஏஐ மென்பொருள் சேர்ந்துகொண்டிருக்கிறது. அது நம்பர் பிளேட்டைப் படிக்கிறது, ஹெல்மெட் இருக்கிறதா என்று கவனிக்கிறது, கூட்டத்தை எண்ணுகிறது, முகத்தைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. தமிழ்நாடு காவல்துறையும் 2021 முதல் முகம் அறியும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. பார்க்க ஆள் தேவையில்லை என்று ஆனதால், எல்லாரையும் எப்போதும் பார்க்க முடிகிறது.

கேமரா வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்திப் பயனில்லை. காணாமல்போன குழந்தையைத் தேட உதவும் அதே மென்பொருள், வேறொரு ஊரில் தவறான ஆளை லாக்கப்பில் வைத்திருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இந்தக் கேமராவின் வேலை என்ன? பதிவு எத்தனை நாள் இருக்கும்? அதை யார் பார்ப்பார்கள்? தவறு நடந்தால் யார் பதில் சொல்வார்? நான்குக்கும் எழுத்தில் விடை இருந்தால் அது பொதுக் கேமரா. இல்லையென்றால், யாரோ ஒருவருடைய கேமரா பொது இடத்தில் மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கீழே உள்ளவை எல்லாம் இந்த நான்கு கேள்விகளின் விரிவு. கேமரா வைக்கும் அரசுக்கு, கேமரா வைக்கும் தனியாருக்கு, கேமராவின் கீழே நடக்கும் நமக்கு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறோம்.

1. மாநகராட்சிக்கும் காவல்துறைக்கும்

செய்ய வேண்டியவை

ஒரு கேமராவுக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். கோவை மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் காக்க, 2024 பிப்ரவரியில் ஏஐ கண்காணிப்பு தொடங்கப்பட்டது. 12 கோபுரங்களில் உள்ள கேமராக்கள் யானையைக் கண்டதும் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகிறது, ரயிலின் வேகம் குறைக்கப்படுகிறது. அந்தக் கேமராவின் வேலை என்ன என்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம். நகரத்துக் கேமராவுக்கும் அப்படி ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். ‘பொதுப் பாதுகாப்பு’ என்பது வேலை அல்ல. ‘இந்தச் சந்திப்பில் சிக்னலை மீறும் வாகனங்களைப் பதிவு செய்வது’ என்பதுதான் வேலை.

மாட்டுவதற்கு முன் மூன்று படிகளைத் தாண்டுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், தேவையின் அளவுக்கு மேல் தலையீடு போகக்கூடாது. இதே சிந்தனையைத்தான் பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2020-ல் தெற்கு வேல்ஸ் காவல்துறைக்கு எதிரான வழக்கில் பின்பற்றியது. யாரைத் தேடுவது, எந்த இடத்தில் தேடுவது என்ற இரண்டையும் காவலர்களின் விருப்பத்துக்கே விட்டது அந்த முகம் அறியும் திட்டம். அது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம்.

கேமரா இருப்பதைப் பலகை வைத்துச் சொல்லுங்கள். சாலைக் கேமராவுக்கு இது ஏற்கெனவே விதி. 2021-ல் சேர்க்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, கண்காணிக்கப்படும் சாலையில் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்கிறது. மற்றக் கேமராக்களுக்கும் அதுவே நடைமுறை ஆகட்டும். பலகையில் தமிழில், யாருடைய கேமரா, எதற்காக, யாரிடம் கேட்பது, எந்த எண்ணில் அழைப்பது என்று இருக்க வேண்டும். கேமரா படம் போட்டு ‘நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்’ என்று மட்டும் எழுதினால் அது மிரட்டல். அதில் தகவல் எதுவும் இல்லை.

முடிவை மனிதர் எடுக்கட்டும். அவர் பெயரும் பதிவாகட்டும். நெதர்லாந்தில் 2023-ல் ஓர் ஓட்டுநருக்கு, வண்டி ஓட்டும்போது போனில் பேசியதாக 380 யூரோ அபராதம் வந்தது. படத்தை வாங்கிப் பார்த்தால் அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். சீனாவின் நிங்போ நகரில் 2018-ல் சாலையை விதி மீறிக் கடந்தவர் என்று ஒரு பெண் தொழிலதிபரின் முகம் பொதுத்திரையில் காட்டப்பட்டது. அவர் அந்தப் பக்கமே வரவில்லை. கடந்து போன பேருந்தின் பக்கவாட்டு விளம்பரத்தில் அவருடைய படம் இருந்தது. இரண்டையும் ஒரு மனிதர் நிதானமாகப் பார்த்திருந்தால் சிரித்துவிட்டு ஒதுக்கியிருப்பார். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் படங்களுக்கு ‘ஓகே’ அழுத்தும் ஊழியரை வைத்துவிட்டு, மனிதர் சரிபார்த்தார் என்று கணக்குக் காட்டக்கூடாது.

பதிவின் ஆயுளை முன்கூட்டியே அறிவியுங்கள். அழிக்காமல் சேர்த்து வைப்பது ஒரு ஆபத்து என்றால், அவசரமாக அழிப்பது இன்னொன்று. 2020-ல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதை செய்யப்பட்டு இறந்த வழக்கில், நிலையத்துக் கேமராப் பதிவுகள், சேமிக்க இடமிருந்தும், நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து 18 மாதப் பதிவைப் பாதுகாக்க உத்தரவிட்டது. இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. அதிகாரத்தைப் பார்க்கும் கேமராவின் பதிவு நீண்ட நாள் இருக்கட்டும். சும்மா நடந்து போகிறவரைப் பார்க்கும் கேமராவின் பதிவு சீக்கிரம் அழியட்டும். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு வெளியிடுங்கள். எத்தனை முகங்கள் ஒப்பிடப்பட்டன, எத்தனை பொருந்தின, அதில் எத்தனை தவறு, எத்தனை வழக்குகளில் உதவியது. தமிழ்நாடு அரசே 2020-ல் பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. ஏஐ கருவியை மக்களிடம் கொண்டுபோகும் முன் அதை மதிப்பிட ஓர் அளவுகோலும் அதில் உண்டு. அந்த மதிப்பெண்களை மக்கள் பார்க்கும்படி வெளியிடுவதுதான் அடுத்த படி.

செய்யக்கூடாதவை

ஒன்றுக்கென்று வாங்கியதை இன்னொன்றுக்குத் திருப்பாதீர்கள். டெல்லியில் முகம் அறியும் மென்பொருள், காணாமல்போன குழந்தைகளைத் தேடும் வழக்கின் வழியாக வந்தது. அந்த வேலையில் அதன் துல்லியம் 2 சதவீதம் என்று 2018-ல் காவல்துறையே உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு மத்திய அரசு, அது 1 சதவீதத்துக்கும் குறைவு, ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும்கூடப் பிரித்தறியவில்லை என்றது. ஆனாலும் 2020 டெல்லிக் கலவரத்துக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகம் அறியும் மென்பொருளால் அடையாளம் கண்டதாக நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சர் அறிவித்தார். குழந்தைகளைச் சொல்லி உள்ளே வந்த கருவி, இரண்டே ஆண்டில் கூட்டத்தில் ஆள் தேடப் போய்விட்டது. வேலை மாறினால் அனுமதியும் புதிதாக வாங்க வேண்டும்.

பொருத்தச் சதவீதத்தைச் சாட்சியாக நடத்தாதீர்கள். 80 சதவீதத்துக்கு மேல் பொருந்தினால் சரியான பொருத்தமாகக் கொள்வதாக டெல்லிக் காவல்துறை 2022-ல் தகவல் உரிமைச் சட்டப் பதிலில் கூறியது. அந்த எண், இரண்டு படங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை மட்டுமே சொல்லும். ‘இவர்தான் அவர்’ என்பதற்கு அது 80 சதவீத உறுதி தருவதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2020-ல் ஒருவரை, கடையில் கைக்கடிகாரங்கள் திருடியதாக மனைவி, குழந்தைகள் கண்ணெதிரே கைது செய்து சுமார் 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். மங்கலான கேமராப் படமும் அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படமும் பொருந்தியதாக மென்பொருள் சொன்னதுதான் தொடக்கம். 2024-ல் வழக்கு சமரசமாக முடிந்தபோது, மென்பொருளின் விடையை மட்டும் வைத்துக் கைது செய்வதில்லை என்று அந்நகரக் காவல்துறை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

யாரிடம் அதிகம் தவறுகிறது என்று சோதிக்காமல் வாங்காதீர்கள். ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதமே தவறின. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறின. விற்பவர் காட்டும் ‘99 சதவீதத் துல்லியம்’ நல்ல வெளிச்சத்தில், யாரோ சிலருடைய முகங்களில் கிடைத்ததாக இருக்கலாம். நம் ஊர் வெயிலில், நம் நிறங்களில், முக்காடு, தாடி, திருநீறு, முகக்கவசம் எல்லாவற்றோடும் சோதித்துப் பார்த்த எண்ணைக் கேளுங்கள்.

முகபாவத்தைப் படித்து மனதைச் சொல்வதாக வரும் கருவியை வாங்காதீர்கள். 2021 ஜனவரியில் லக்னோ காவல்துறை, பெண்களின் முகத்தில் பதற்றம் தெரிந்தால் எச்சரிக்கும் கேமராக்களை வைக்கப்போவதாக அறிவித்தது. பயந்தவர் எல்லாரும் பயந்த முகம் காட்டுவதில்லை. தேர்வுக்குப் போகும் மாணவியின் முகமும், கடன்காரர் கண்ணில் படாமல் விரைபவரின் முகமும் பதற்றமாகத்தான் இருக்கும். ஆபத்தில் இருக்கும் பெண்ணுக்கு வேண்டியது எரியும் தெருவிளக்கும், அழைத்தால் வரும் ரோந்து வண்டியும்.

போகிறவரை நிறுத்தி முகத்தைப் படம் எடுக்காதீர்கள். ஹைதராபாத்தில் 2021-ல் ஒரு சமூகச் செயற்பாட்டாளரை வழிமறித்து, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லி, மறுத்தும் காவலர்கள் படம் எடுத்தார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. விவகாரம் தெலங்கானா உயர் நீதிமன்றம் வரை போனது. சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் அதை எழுதுங்கள். காரணம் இல்லையென்றால் போனைப் பையில் வையுங்கள்.

2. குடியிருப்பு, கடை, பள்ளி, மருத்துவமனை நடத்துவோருக்கு

நகரத்தின் கேமராக்களில் பெரும் பங்கு தனியாருடையது. அரசிடம் கேட்கும் கேள்விகளை அசோசியேஷன் செயலாளரிடமும் கேட்டாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

கேமராவின் கோணத்தைச் சரிபாருங்கள். உங்கள் வாசல், உங்கள் வண்டி நிறுத்துமிடம், உங்கள் கல்லாப்பெட்டி. எதிர்வீட்டு மாடியும் ஜன்னலும் சட்டகத்துக்குள் வந்தால் திருப்பி வையுங்கள். திருப்ப முடியாவிட்டால், அந்தப் பகுதியை மட்டும் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி இப்போது பல கேமராக்களில் உண்டு. மாட்ட வரும் ஆளிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்.

முதல் நாளே பாஸ்வேர்டை மாற்றுங்கள். ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் திருடப்பட்டு டெலிகிராமில் விற்கப்பட்டது 2025-ல் தெரியவந்தது. கேமராவின் பாஸ்வேர்ட் ‘அட்மின்123’. திருடியவரின் குற்றம் ஒருபுறம் இருக்க, பெண்களைப் பரிசோதிக்கும் அறையில் கேமரா வைத்தவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. புதிய கேமரா வாங்கும்போது, 2025 ஏப்ரல் முதல் கட்டாயமான மத்திய அரசின் பாதுகாப்புச் சான்று அந்த மாடலுக்கு உண்டா என்று கேளுங்கள்.

பார்த்தவர் பெயரை நோட்டில் எழுதுங்கள். யார், எந்தத் தேதியில், எந்தக் காட்சியை, எதற்காகப் பார்த்தார் அல்லது நகல் எடுத்தார் என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். காவலர் பதிவு கேட்டு வந்தால் ஒத்துழையுங்கள். ஆனால் எழுத்துமூலக் கோரிக்கையைப் பெற்றுக்கொண்டு கொடுங்கள். அது அவருடைய வழக்குக்கும் நல்லது.

செய்யக்கூடாதவை

காட்சியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ‘இவனைப் பார்த்தால் பிடியுங்கள்’ என்று நீங்கள் போடும் துண்டுக் காட்சியில் இருப்பவர், முகவரி தேடி அலைந்த டெலிவரி பையனாகவும் இருக்கலாம். 2013-ல் டெல்லி மெட்ரோ ரயிலில் ஜோடிகள் நெருக்கமாக இருந்த கேமராக் காட்சிகள் ஆபாசத் தளங்களில் வந்தன. பாதுகாப்புக்கென்று எடுத்த காட்சி எந்த வழியில் வெளியே போகும் என்பதற்கு அதுவே போதுமான பாடம். திருட்டு நடந்தால் காட்சி போக வேண்டிய இடம் காவல் நிலையம்.

முகத்தைக் கொடுத்தால்தான் கேட் திறக்கும் என்று வைக்காதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் முகப்பதிவு கேட்கும்போது அவரால் மறுக்க முடியுமா? மறுக்க முடியாதவரிடம் வாங்குவது சம்மதம் ஆகாது. அட்டை, ரகசிய எண், பதிவேட்டில் கையெழுத்து என்று வேறு வழி ஒன்று கண்டிப்பாக இருக்கட்டும். பாஸ்வேர்ட் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது.

மைக்கை இயக்காதீர்கள். பல கேமராக்கள் ஒலியையும் பதிவு செய்யும். லிஃப்ட்டிலும் படிக்கட்டிலும் பேசுவது, வாசலில் போனில் பேசுவது எதுவும் உங்கள் பாதுகாப்புக்குத் தேவையில்லை.

உடன் வசிப்பவரின் ஒப்புதல் இல்லாமல் வீட்டுக்குள் வைக்காதீர்கள். அப்படி வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. கழிப்பறை, உடை மாற்றும் அறை பற்றிச் சொல்லவே வேண்டாம். அது நேரடியாகக் குற்ற வழக்கு.

3. தெருவில் நடக்கும் நமக்கு

செய்ய வேண்டியவை

செலான் வந்தால் பணம் கட்டும் முன் படத்தைப் பாருங்கள். நம்பர் பிளேட்டைப் படிக்கும் மென்பொருள் 8-ஐயும் ‘பி’ என்ற எழுத்தையும், 0-வையும் ‘ஓ’ என்ற எழுத்தையும் குழப்பிக்கொள்ளும். விதி 167ஏ-யின்படி, நோட்டீஸில் விதிமீறலும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். 15 நாட்களுக்குள் அனுப்பவும் வேண்டும். வண்டி உங்களுடையதல்ல என்றால் இ-செலான் தளத்திலேயே புகார் கொடுக்கலாம்.

தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும், அதனால் குறிப்பாகக் கேளுங்கள்: எங்கள் வார்டில் உள்ள கேமராக்கள் எத்தனை, எந்தத் துறையுடையவை? முகம் அறியும் மென்பொருள் இணைக்கப்பட்டுள்ளதா? பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது? எந்த அரசாணையின்படி? புகாரை ஏற்கும் அதிகாரி யார்?

உங்களுக்குப் பதிவு தேவைப்பட்டால் அன்றே எழுதிக் கேளுங்கள். விபத்தோ வழிப்பறியோ நடந்தால், பழைய பதிவின் மேல் புதியது ஏறும் முன் அதை அழிக்காமல் வைக்கக் கோரும் கடிதத்தைக் கடைக்காரருக்கும் காவல் நிலையத்துக்கும் கொடுங்கள். இடமும் நேரமும் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் எதுவரை துணை நிற்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தரவைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ஆனால் குற்றத்தைத் தடுப்பது, புலனாய்வு செய்வது போன்ற வேலைகளுக்கு அதே சட்டம் பெரிய விலக்கும் தருகிறது. கடையின் கேமராவைக் கேள்வி கேட்க அது உதவும் அளவுக்குக் காவல்துறைக் கேமராவைக் கேள்வி கேட்க உதவாது.

செய்யக்கூடாதவை

‘தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்’ என்று சொல்லாதீர்கள். டெட்ராய்ட்டில் கைதானவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பே செய்தாலும், அதற்கான தண்டனைக்கு மேல் ஒருவர் இழக்கக்கூடாது. கேரளத்தில் 2023-ல் சாலைக் கேமராக்கள் வந்த புதிதில், ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டிய ஒருவரின் படம், பின்னிருக்கையில் இருந்த பெண்ணோடு சேர்த்து, வண்டியின் உரிமையாளரான மனைவியின் போனுக்குப் போனது. சண்டை காவல் நிலையம் வரை வந்து, மனைவியைத் தாக்கியதாக அவர் கைதானார். அவர் செய்தது அவர் பொறுப்பு. ஆனால் ஹெல்மெட் வழக்குக்கு, பின்னிருக்கையில் இருந்தவரின் முகம் எதற்கு? அதை மங்கலாக்கி அனுப்பியிருந்தால் அரசின் வேலை எதுவும் குறைந்திருக்காது.

கேமராவை உடைக்காதீர்கள், நம்பர் பிளேட்டை மறைக்காதீர்கள். இரண்டும் குற்றம். அப்படிச் செய்வது நியாயமான கேள்வி கேட்பவரையும் திருடனோடு சேர்த்துவிடும்.

பிறர் முகத்தை ஏஐ தளங்களில் ஏற்றித் தேடாதீர்கள். பெண் பார்க்கப் போகும் முன், வேலைக்கு ஆள் எடுக்கும் முன், பேருந்தில் பார்த்தவர் யார் என்று அறிய என்று எதற்காகவும் வேண்டாம். அரசு செய்யக்கூடாது என்று நாம் சொல்வதை நாமே போனில் செய்வதாகிவிடும்.

கேமரா வந்த பிறகு கேட்கலாம் என்று இருக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், பொது இடத்தில் காவல்துறை நேரலையாக முகம் தேடுவதைச் சில விதிவிலக்குகள் தவிர 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ 2019-லேயே, கண்காணிப்புக் கருவி எதையும் வாங்கும் முன் நகர மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. டெண்டர் இருக்கிறது. பதிவு எத்தனை நாள், தவறான பொருத்தம் எத்தனை சதவீதம் வரை, தரவு யாருக்குச் சொந்தம், ஒப்பந்தம் முடிந்தால் யார் அழிப்பது என்பதெல்லாம் அந்த ஆவணத்தில் இருந்தால் ஒப்பந்ததாரர் செய்தாக வேண்டும். அதில் இல்லாததைப் பிறகு எந்த அதிகாரி கேட்டாலும் ‘ஸ்கோப்பில் இல்லை சார்’ என்பதுதான் பதில். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் தளத்துக்குள் வெளியார் நுழைந்த செய்தி வந்தது. பாதுகாப்பு நிபந்தனைகளை எழுத வேண்டிய நேரம் அதற்கு முந்தையது. அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் கேமரா பற்றிப் பேச்சு வந்தால் எத்தனை கேமரா என்று மட்டும் கேட்காமல், டெண்டர் நகலைக் கேளுங்கள். நான்கு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அதைச் சேர்த்த பிறகு ஒப்புதல் தருகிறோம் என்று கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள்.